நிலவில் காக்காப்பொன்

ஞானாம்பிகை அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சுப் பட்டால் கெட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கையில் இருப்பது நிலா. நிலாவின் மேல் ஊதினால் நன்றாகவா இருக்கும்?

முழு நிலா இல்லை, நகத்தளவு சீவல்தான். நிலாவின் மேல் எப்போதோ ஒரு பெரிய விண்கல் வந்து மோதியபோது சிதறிய கற்களில் சில, நிலாவின் இழுப்பையே மீறிக்கொண்டு வெளியே பறந்துவிட்டன. அப்படிப் பறந்த ஒன்று வெகுகாலம் வெட்டவெளியில் அலைந்து, கடைசியில் அண்டார்டிகாவின் பனியில் வந்து விழுந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் தனியாக ஒரு கல் கிடந்தால், அது பெரும்பாலும் மேலேயிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் விண்கல் பொறுக்குகிறவர்கள் அவ்வளவு குளிரிலும் அங்கே போகிறார்கள். இந்தக் கதை நடந்த எண்பதுகளின் கடைசியில், நிலாவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவை என்று உறுதியான கற்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அத்தனையும் அந்தப் பனியில் கிடைத்தவை.

அவற்றில் ஒன்றை மெல்லியதாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெலிதாகும்வரை தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். அவ்வளவு தேய்த்துவிட்டால் கல்லுக்குள்ளும் வெளிச்சம் புகும். நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே என்னென்ன கனிமங்கள், எப்படி எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்று பார்த்துவிடலாம். சீவலின் மேல் மூடுகண்ணாடி கிடையாது. பிற்பாடு மின்கதிர் பாய்ச்சிச் சோதிக்க வேண்டியவற்றைத் திறந்தபடியே விடுவது வழக்கம். இந்தக் கதையில் வாசகர்கள் ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்றால், அது இதுதான்: மேலே மூடி இல்லை.

சீவலை மூன்று வார இரவலாக அனுப்பியவர் மெல்பர்னிலிருந்த டாக்டர் ஹெதர். ஞானாம்பிகை அங்கே படித்த காலத்தில் பழக்கம். "இதைப் பார்த்து எனக்கு ஓர் அறிக்கை எழுது. நன்றாக இருந்தால், இன்னொரு சீவல் தருகிறேன். புதிதாக அறுத்த கல். இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை! பினாங்கில் ஒரு கல்லூரியில் நிலவியல் ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு, வருஷம் தவறாமல் அதே வெள்ளீய மணலையும் அதே கருங்கல்லையும் மாணவர்களுக்குக் காட்டி வந்தவள் ஞானாம்பிகை. அவள் பார்த்த எல்லாக் கற்களையும் அவளுக்கு முன்னால் ஆயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. முதல் ஆளாக ஒரு கல்லைப் பார்ப்பது என்பது நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. கல்யாண ஆசைகூட அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் அய்யாக்கண்ணு ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கூடத்துக்கு அரசர். கல் அறுக்கும் இயந்திரம், தராசு, தட்டச்சுப் பொறி, சுவர்க்கடிகாரம் என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார். கருவிகள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இரவு முழுக்க இருக்கும். மறுநாள் விஜயதசமி அன்று காலையில்தான் எடுக்க வேண்டும்.

"மேடம், உங்க சாமானையும் கொண்டாங்க. மைக்ராஸ்கோப்பு வெச்சாச்சு. அந்த நிலாப் பெட்டி?"

ஞானாம்பிகை ஒரு விநாடி தயங்கினாள். அவளுக்குப் பெரிய பக்தி என்று ஒன்றும் இல்லை. ஆனால் அறிக்கை நன்றாக வர வேண்டும் என்ற கவலை இருந்தது. கவலை இருக்கிற இடத்தில் பக்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சீவல் இருந்த பெட்டியைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"பெட்டியத் தொடாதீங்கண்ணே."

"நான் ஏன் மேடம் பெட்டியத் தொடப் போறேன்?" என்றார் அய்யாக்கண்ணு, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

பக்கத்து அறை வேதியியல் விரிவுரையாளர் அப்துல் காதர் சுண்டல் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். "சுண்டலுக்கு நான் எல்லா வருஷமும் வந்துருவேன்லா. எங்க கெமிஸ்ட்ரியில யாரும் இப்படி அவிச்சுத் தர்றதில்ல" என்றபடி இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தார்.

விஜயதசமிக்கு மறுநாள், ஞானாம்பிகை சீவலை நுண்ணோக்கியில் ஏற்றினாள்.

பாறைகளைப் பார்க்கும் நுண்ணோக்கியில் ஒரு தந்திரம் உண்டு. ஒளியை ஒரே திசையில் மட்டும் ஆடவிடும் தகடு ஒன்று கல்லுக்குக் கீழே இருக்கும், இன்னொன்று மேலே. இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிவிட்டால் வெறும் கண்ணாடியில் இருட்டுத்தான் தெரியும். ஆனால் நடுவில் படிகம் இருந்தால், அது ஒளியைத் திருகி மேலே அனுப்பிவிடும். ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு விதமாகத் திருகும். அதனால் சாம்பல் நிறக் கல் ஒரே நொடியில் கோவில் கோபுரம்போல வண்ணமாகிவிடும்.

நிலாக்கல்லில் முதலில் கண்ணில் பட்டது அனார்த்தைட். நிலாவின் வெளுத்த மேட்டுப்பகுதிகள் பெரும்பாலும் இதனால்தான் ஆனவை. சுண்ணச் சத்தும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம். குறுக்குத் தகடுகளுக்கு நடுவே, சாலை கடக்கும் கோடுகளைப் போல வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். அதன் இடையிடையே பைராக்சீன். பளிச்சென்று நீலமும் சிவப்பும் காட்டுவது ஆலிவின். ஒளியே புகாத கறுப்புத் துகள் இல்மனைட். ஈயச் சுரங்கத்து மண்ணில் மிஞ்சும் கறுப்பு மணலில் இருக்கிறதே, அதே சரக்கு. பினாங்குக்காரிக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. இவை எல்லாம் முழு முழுப் படிகங்களாக இல்லை. அடி மேல் அடி வாங்கி நொறுங்கி, அந்த அடியின் சூட்டில் உருகிய கண்ணாடியே பசையாகி, மறுபடியும் ஒட்டிக்கொண்டவை.

இத்தனையிலும் இல்லாத ஒன்று தண்ணீர். நிலாக்கல் வறண்ட கல். பூமியின் கற்களில் சில கனிமங்கள் பிறக்கும்போதே கொஞ்சம் தண்ணீரைத் தமக்குள் கட்டிவைத்துக்கொண்டு பிறக்கும். களிமண் அப்படி. காக்காப்பொன் அப்படி. ஆற்று மணலில் தகடு தகடாக மின்னுமே, அந்தக் காக்காப்பொன். நிலாக்கல்லில் இவை கிடையாது. கிடைத்தால் உலகம் திரும்பிப் பார்க்கும்.

ஞானாம்பிகை சீவலை ஓர் ஓரத்துக்கு நகர்த்தினாள். ஒரு விரிசல். விரிசலுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது போல, ஏடு ஏடாக, வானவில் நிறத்தில் மின்னிக்கொண்டு ஒரு தகடு.

காக்காப்பொன்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் பார்த்தாள். இருந்தது. தகட்டைக் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் குமிழைக் கொஞ்சம் திருக வேண்டியிருந்தது. அப்படித் திருகினால் சுற்றியிருந்த அனார்த்தைட் லேசாக மங்கியது. அதாவது, தகடு கல்லின் மட்டத்தில் இல்லை, ஒரு நூலளவு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலாண்டு மாணவன் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், "மேலே தூசு விழுந்திருக்கிறது, போய்த் துடைத்துவிட்டு வா" என்று அனுப்பியிருப்பாள். ஆனால் ஆசைப்படுகிறவர்கள் குமிழைத் திருகுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'மெருகேற்றும்போது விரிசலின் விளிம்பு சரியாகத் தேயவில்லை' என்று கல்லின் சார்பில் அவளே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஓடிப்போய், சிங்கப்பூரில் மாநாட்டுக்கு வந்திருந்த ஹெதருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"ஞானா, காக்காப்பொன்னா? நிச்சயமா?"

"என் கண்ணால் பார்க்கிறேன்."

"அப்படியானால் நிலாவில் தண்ணீர்! சனிக்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பப் போவதில்லை. பினாங்கு வருகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே."

ஞானாம்பிகை தொலைபேசியை வைத்துவிட்டு நேராகப் பக்கத்து அறைக்குப் போய் அப்துல் காதரிடம் சொன்னாள்.

காதர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தார். கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு மூக்கை வைத்தார்.

"என்ன காதர் பண்றீங்க?"

"இருங்கக்கா. கெமிஸ்ட்ரிக்காரன் மொதல்ல மோந்துதான் பாப்பான்." மறுபடி முகர்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "அக்கா, நிலாவுல சந்தன மரம் இருக்கா?"

"என்ன உளறல் இது?"

"நீங்களே மோந்து பாருங்கலா."

ஞானாம்பிகை குனிந்தாள். நிலா மணத்தது. கல்யாண வீட்டு வாசலில் தட்டோடு நிற்பவர் கையிலிருந்து வருமே, அதே வாசனை.

"அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் அய்யாக்கண்ணு கையிலிருந்த வாளியோடு வந்து நின்றார்.

"பெட்டியத் தொட்டீங்களா?"

"சத்தியமா தொடல மேடம். நீங்கதான் தொடாதீங்கன்னு சொன்னீங்களே. மூடிய மட்டும் தொறந்தேன்."

"மூடியத் தொறந்து?"

"உள்ள இருக்கிற கண்ணாடிக்குப் பொட்டு வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதுக்கு மட்டும் வெக்கலன்னா எப்படி மேடம்? வெளிநாட்டுச் சாமான் வேற. விருந்தாளி மாதிரி." அவர் குரல் இறங்கியது. "ஆனா காலையில ஈரத்துணி வெச்சு நல்லாத் தொடச்சிட்டேன். ஒரு பொட்டுக்கூட இல்லையே?"

"இருக்கு" என்றாள் ஞானாம்பிகை. "ஒண்ணு பாக்கி இருக்கு."

சந்தனத்தில் காக்காப்பொன் எப்படி வந்தது? அந்தக் கேள்வியை மட்டும் அவளால் விட முடியவில்லை. மரத்தில் காக்காப்பொன் கிடையாது. சந்தனக் கட்டையைத் தண்ணீர் விட்டு உரைக்கிற கல்லைக் கொண்டுவரச் சொன்னாள். அய்யாக்கண்ணு கொண்டுவந்தார். வட்டமான, மழமழவென்ற கருங்கல். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே மின்னியது. இந்தத் தீவின் மலையே கருங்கல். அதில் காக்காப்பொன் கலந்திருப்பது அவள் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம்.

"இந்தக் கல்லு எங்க வாங்கினது?"

அய்யாக்கண்ணு நெளிந்தார். "வாங்கலை மேடம். எங்க வீட்டுப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, கல்லுப் பட்டறை முதலாளி, கல்லறைக்குக் கல்லு வெட்டுறாரு. மிச்சம் விழுந்த துண்ட வட்டமா தேச்சுக் குடுத்தாரு."

காதர் கையிலிருந்த தேநீரைத் தூரமாக வைத்தார். "யோவ், சரஸ்வதிக்குக் கல்லறைக் கல்லுல அரைச்ச சந்தனமா?"

"எழுத்து வெட்டாத பக்கம்தாங்க!"

ஞானாம்பிகை இருவரையும் பேசவிட்டுவிட்டு, ஒரு புத்தம் புதிய வெறும் கண்ணாடித் துண்டை எடுத்தாள். அந்தக் கல்லிலேயே சந்தனம் உரைக்கச் சொல்லி, அதில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, காய விட்டு, ஈரத்துணியால் துடைத்தாள். சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய வேலை இது. இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்றுமே இல்லாததை எடுத்து, அதற்கும் அதே மரியாதைகளைச் செய்து, அதில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நுண்ணோக்கியில் வைத்தாள். கறுப்புப் பின்னணியில், ஏடு ஏடாக, வானவில் நிறத்தில் காக்காப்பொன். பக்கத்திலேயே ஒரு துளி மஞ்சளும் இருந்தது. குங்குமம் செய்வதே மஞ்சளில்தானே, அதன் உபயம்.

அன்று சாயங்காலமே சிங்கப்பூர் விடுதிக்குப் பேசினாள். ஹெதர் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியாகிவிட்டது, நண்பர்கள் வீட்டில் தங்கிவிட்டு விமானம் ஏறுவார் என்றார்கள். எந்த நண்பர்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அக்கா, சிம்பிளா யோசிங்க" என்றார் காதர். "ஆல்கஹால் போட்டுத் தொடச்சிருங்க. அந்தம்மா வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. 'ஐயோ, நேத்து இருந்துச்சே'ன்னு நீங்களும் தேடுங்க. நானும் வந்து தேடுறேன்."

"என் தலையிலயே போட்டுருங்க மேடம்" என்றார் அய்யாக்கண்ணு. "பூனை வந்துச்சுன்னு சொல்லுங்க."

"பூனை வந்து சந்தனம் வெச்சுச்சா?" என்றார் காதர்.

ஞானாம்பிகை சிரிக்கவில்லை. துடைத்துவிட்டால் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். துடைத்தால், தான் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு இழந்தவள் ஆகலாம். துடைக்காவிட்டால், இரவல் வந்த நிலாவுக்குப் பொட்டு வைத்தவள் ஆக வேண்டும். முதலாவதில் மரியாதை பாதியாவது மிஞ்சும். இரண்டாவதில் அந்த இன்னொரு சீவல், ஒருவரும் பார்க்காத அந்தச் சீவல், நிச்சயமாக இந்தப் பக்கம் வராது. ஆனால் ஹெதர் ஊருக்குப் போய் 'நிலாவில் தண்ணீர் இருந்தது, கை தவறிப் போய்விட்டது' என்று எழுதுவார். அதை நம்பி நாலு பேர் நாலு வருஷம் தேடுவார்கள்.

"தொடைக்கப் போறதில்ல" என்றாள். "ரெண்டு கண்ணாடியும் அப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமை ஹெதர் வந்தார். உயரமான பெண்மணி. விமான நிலையத்திலிருந்து நேராக, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நுண்ணோக்கியை நோக்கி நடந்தார்.

"ஹெதர், ஒரு நிமிஷம். நான் ஒன்று சொல்ல வேண்டும்."

"எதுவும் சொல்லாதே. முதலில் பார்க்கவிடு."

"பார்க்கும் முன்னால்..."

"ஞானா!" ஹெதர் ஏற்கெனவே குனிந்துவிட்டார். சீவலை நகர்த்தினார். விரிசலுக்கு வந்தார். பிறகு கையைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தார். கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கிணுகிணுத்தன.

"இருக்கிறது! காக்காப்பொன்தான்! எவ்வளவு அழகு!" அவரும் குமிழைத் திருகினார். அவரும் அதைக் கவனிக்கவில்லை. "சிங்கப்பூரில் மூன்று பேரிடம் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. ஞானா, நீ இனி ஈய மணல் பார்க்க வேண்டாம்."

வாசலில் அய்யாக்கண்ணு பேயறைந்தது போல நின்றார். காதர், ஒரு வேதியியல் அட்டவணையைத் தன் வாழ்க்கையில் முதன்முறை பார்க்கிறவர் போல உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஞானாம்பிகைக்கு அந்த ஒரு விநாடி இனித்தது. அதை மறைக்க முடியாது. பிறகு சீவலை மெதுவாக எடுத்துவிட்டு, மற்ற கண்ணாடியை வைத்தாள். "இதையும் பாருங்கள்."

ஹெதர் பார்த்தார். "இங்கேயும் காக்காப்பொன். ஆனால் சுற்றிலும் எதுவுமே இல்லையே. கல் எங்கே? இது நிலாவில் எந்தப் பகுதி?"

"பினாங்கு மலை" என்றாள் ஞானாம்பிகை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைப் படத்துக்கு முன்னால் வைத்தது தான்தான் என்பதையும், குமிழைத் திருகிவிட்டு நிறுத்தியதையும் விடாமல் சொன்னாள். ஹெதர் நாற்காலியில் உட்கார்ந்து சந்தனக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதாத பக்கம் என்று சைகையில் காட்டினார் அய்யாக்கண்ணு. ஹெதர் சிரிக்கத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நடுவில் "மூன்று பேர்! மூன்று பேரிடம் சொன்னேன்!" என்று முனகினார்.

சிரித்து முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது.

"நான் பார்த்தேன். நம்பினேன்" என்றார். "வெறும் கண்ணாடியை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது, தெரிந்துகொள்."

"தெரியும்."

ஹெதர் நிலாச் சீவலைப் பெட்டியில் வைத்து மூடி, தன் பையில் போட்டுக்கொண்டார். பெட்டி மறைகிற வரை ஞானாம்பிகை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெதர் அதே பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"இந்த அறையில் சந்தனத்தைத் தவிர வேறு என்னென்ன பறக்கிறது?"

"தெரியாது."

"தெரிந்துகொண்டபிறகு திற." கையை எடுத்தார்.

ஹெதர் போன மறுநாளிலிருந்து ஞானாம்பிகை அறையெங்கும் வெறும் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினாள். சன்னலில் ஒன்று, நுண்ணோக்கிப் பக்கத்தில் ஒன்று, அலமாரி மேல் ஒன்று. ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். சுண்ணாம்புக்கட்டித் தூள் இருந்தது. எதிரே கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் சிமெண்டு இருந்தது. அய்யாக்கண்ணுவின் நெற்றியிலிருந்து திருநீறு இருந்தது. நுண்ணோக்கிப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் வேறொன்று கிடைத்தது. குட்டிக் குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் கறுப்பாக ஒரு சிலுவைக்குறி. மாவுச்சத்து மணிகள் குறுக்குத் தகடுகளுக்கு நடுவே இப்படித்தான் தெரியும். கூடவே மஞ்சள் தூளும், ஒரு மிளகாய் விதைத் தோலும்.

"காதர், இங்க வாங்க."

காதர் வந்து குனிந்து பார்த்தார்.

"இது மஞ்சள். இது மிளகாய். நான் இல்லாதப்ப என் மேசையில உக்காந்து நாசி கண்டார் கடைச் சோறும் குழம்பும் சாப்பிட்டீங்களா?"

"இல்லக்கா. எங்க ரூம்லேர்ந்து காத்துல வந்திருக்கும்லா."

"காத்துல குழம்பு வருமா?"

காதர் மறுபடியும் குனிந்து பார்த்தார். "என் ரூம்ல ஏர்கான் ரிப்பேர்க்கா" என்றார் கடைசியில். "உங்க ரூம்தான் ஜில்லுன்னு இருக்கு."

அன்று மேசை, தரை, சன்னல் எல்லாம் மூவருமாகத் துடைத்தார்கள். காதர்தான் அதிகம் துடைத்தார். சன்னலை மூடி, கண்ணாடிகளை மறுபடியும் பரப்பி, அவற்றில் ஒன்றும் விழவில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஞானாம்பிகை அந்தப் பெட்டியைத் திறந்து சீவலை ஏற்றினாள்.

"என்ன மேடம் தெரியுது?" என்றார் அய்யாக்கண்ணு.

"கோடு கோடா இருக்குமே, அது இருக்கா?" என்று காதர் அவள் தோளுக்குப் பின்னால் எக்கினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்" என்றாள் ஞானாம்பிகை, கண்ணை எடுக்காமல். "மொதல்ல நான் பாத்துக்கிறேன்."